ஆரோட கதைக்கிறாய்?

வணக்கம் நேயர்களே. நான் இங்கே யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வகுப்பில் வருடா வருடம் காண்கிற ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்குக் கதைக்க வந்திருக்கிறேன்.

எழுத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்தினால் என் வகுப்புகளில் மேலே நிற்பது அனேகமாகப் பெண்பிள்ளைகள். கொப்பியைத் திறந்தால் தலைப்புக்கெல்லாம் சிவப்புப் பேனையால் கோடு, ஓரத்தில் புதுச் சொற்களுக்குத் தமிழ் அர்த்தம், ஒரு வெட்டுக்கொத்து இருக்காது. அதே பிள்ளையை எழும்பி இரண்டு வசனம் சொல்லச் சொன்னால், மேலே சுற்றுகிற ஃபான் சத்தத்துக்குள் குரல் அமுங்கிப் போய்விடும். பெடியள் பிழையோ சரியோ ஏதாவது சொல்லிவிட்டுத்தான் இருப்பார்கள். கனகாலமாக இதை வெறும் கூச்சம் என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஒரு பிள்ளையிடம், வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகு என்றேன். "வாசிச்சனான் மிஸ், அப்பா கதவைத் தட்டி, ஆரோட கதைக்கிறாய் எண்டு கேட்டவர்" என்றாள். தகப்பன் அதட்டவும் இல்லையாம், ஒரே ஒரு கேள்விதான். அன்றிலிருந்து அவள் வாய்க்குள்ளேதான் வாசிக்கிறாள். தம்பிக்காரன் கூட்டாளிகளோடு சந்தியில் நின்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி இங்கிலீஷ் பேசிப் பார்த்தால் பகிடி என்று விடுகிற ஊர், அக்கா ஒரு வசனம் பேசினால் நடப்புக் காட்டுகிறாள் என்று சொல்லிவிடும். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது. ஏனென்றால் பெண்பிள்ளைகளுக்கென்று உடுவிலில் 1824 இலேயே விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கிய மண் இது.

பெண்பிள்ளை என்பது ஒன்று, எந்த வீட்டிலிருந்து வருகிறாள் என்பது இன்னொன்று. வீடு என்றால் காசு மட்டுமில்லை. ஆங்கிலத்தில் ஒரு கடிதமாவது எழுதத் தெரிந்த ஆள் வீட்டில் இருக்கிறாரா என்பதுதான் பெரிய வித்தியாசம். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறது, ஆனால் அந்தப் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் வராது. ரியூசனுக்கு எண்ணி எண்ணிக் காசு கட்டுகிற வீடு அதற்கு ஏன் செலவழிக்கப் போகிறது? தாயோ தகப்பனோ ஆசிரியராய் இருக்கிற வீட்டில் அது சும்மா காதில் விழுந்தே வந்துவிடும். தீவுப்பகுதியில் கடற்றொழில் செய்கிற வீட்டிலிருந்தும் வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படித்த வீட்டிலிருந்தும் வருகிற பிள்ளைக்கு, விஞ்ஞானபீடத்திலோ மருத்துவபீடத்திலோ முதல் விரிவுரையே ஆங்கிலத்தில். அந்த வீட்டுப் பெடியனும் பாவம்தான், பின்னேரம் வேலைக்கு ஓடுவான், வகுப்புக்கு வரமாட்டான். அவனுடைய அக்காவோ தங்கச்சியோ என்றால் ஊர்காவற்றுறைக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பிறகு சமையல். ஆங்கிலம் பேசிப் பழகுகிற சங்கங்களும் நாடகப் பயிற்சியும் நடப்பது அந்த நேரத்தில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லண்டன் மாப்பிள்ளை சரிவந்தவுடன் அதே வீடு மகளை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஓட்டோ பிடித்து அனுப்புகிறது, ஏனென்றால் 2010 இலிருந்து பிரித்தானியா துணைவர் விசாவுக்கு ஆங்கிலப் பரீட்சை கேட்கிறது. அப்போது யாரும் "ஆரோட கதைக்கிறாய்" என்று கேட்பதில்லை! நல்ல விஷயம்தான், ஆனால் அவளுடைய படிப்புக்கு, அவளுடைய உத்தியோகத்துக்கு அது தேவைப்பட்டபோது அந்த ஓட்டோ ஏன் வரவில்லை?

நான் செய்தது சின்ன வேலை. பேச்சுப் பயிற்சியைப் பின்னேரத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்கு மாற்றினேன், முதல் மாதம் மூன்று நாலு பேராக, பெண்பிள்ளைகளைத் தனியே இருத்தினேன். பிழை திருத்தவில்லை, கதைக்க விட்டேன். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே, நேற்றுக் கிணற்று மோட்டர் பழுதான கதையை வாய்க்குள்ளேயே வாசித்த அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். மோட்டரின் ஒரு பாகத்துக்கும் அவளுக்கு ஆங்கிலச் சொல் தெரியாது, கையால் காட்டிக் காட்டித்தான் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.