பிள்ளைகள் கேட்டு வாங்கிய நாற்காலி

(பரிஸில் நடந்த தமிழ்ப் பெற்றோர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய சங்கத் தலைவர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமையிலும் நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அம்மையார் அவர்களே, சனிக்கிழமை தோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியப் பெருமக்களே, மண்டபத்தைத் தந்துதவிய அன்பர்களே, சமையற்கட்டில் இன்னமும் நிற்கும் தம்பிமாரே, தாய்மாரே, தகப்பன்மாரே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயா என்னைப் பற்றி அதிகம் சொல்லிவிட்டார், அது அவருடைய பெரிய மனசு.

பிரெஞ்சு மாணவர் போராட்டங்களில் நான்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். 1940, அல்ஜீரியப் போர்க்காலம், 1968, 1986. அதற்கு முன் நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழியை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

1940 நவம்பர் 11. முதல் உலகப் போர் முடிந்த நாளை யாரும் நினைவுகூரக் கூடாது என்று பரிஸைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் இராணுவம் தடை போட்டிருந்தது. அதை மீறி லிசே எனப்படும் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் பல்கலைக்கழக மாணவர்களும் சாம்ப்ஸ் எலிசே வீதி வழியாக வெற்றி வளைவுக்குப் போனார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரியவர்கள் பலர் வாய் திறக்கப் பயந்திருந்த நேரத்தில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் செய்த காரியம் அது.

சரி, 1968க்கு வருகிறேன், ஏனென்றால் அந்தக் கதை நமக்கு நெருக்கமானது. பரிஸுக்கு வெளியே நாந்தேரில், அல்ஜீரிய, போர்த்துக்கேயத் தொழிலாளர்கள் தகரக் கொட்டில்களில் வாழ்ந்த இடத்துக்குப் பக்கத்தில், 1964ல் புதுப் பல்கலைக்கழகம் ஒன்றைத் திறந்தார்கள். 1968 சனவரியில் அங்கே கட்டிய நீச்சல் குளத்தைத் திறந்துவைக்க இளைஞர் விவகார அமைச்சர் பிரான்சுவா மிசோஃப் வந்தார். அவர் இளைஞர்களைப் பற்றித் தடிமனான அறிக்கை ஒன்று வெளியிட்டிருந்தவர். சிவந்த முடி வைத்த, சமூகவியல் படித்த ஒரு பெடியன் முன்னால் வந்து, 'உங்கள் அறிக்கையை வாசித்தேன், இளைஞரின் பாலியல் பிரச்சினைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே' என்று கேட்டார். ஆண் மாணவர்கள் பெண்கள் விடுதிக்குள் போகக் கூடாது என்ற விதியை எதிர்த்து அங்கே முந்திய வருடமே சண்டை நடந்திருந்தது, அதனால் அது வெறும் குறும்புக் கேள்வி அல்ல. அமைச்சர் என்ன செய்தார்? அப்படிப் பிரச்சினை இருந்தால் குளத்தில் போய்க் குதியும் என்றார். இது பாசிச ஆட்சியில் கிடைக்கும் பதில் என்று பெடியனும் விடவில்லை.

அந்தப் பெடியன்தான் டானியல் கோன்-பென்டிட். அவருடைய பெற்றோர் ஹிட்லருக்குப் பயந்து ஜெர்மனியிலிருந்து ஓடி வந்த யூதர்கள். இங்கே அகதியாக வந்தவர்களின் பிள்ளை, பிரான்சிலேயே பிறந்தவர், பிறக்கும்போது எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர். இந்த மண்டபத்தில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மே மாதம் அவர் வெளிநாடு போயிருந்தபோது, திரும்பி வரக் கூடாது என்று அரசு தடை போட்டது. உடனே பரிஸ் வீதிகளில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுப் பிள்ளைகள் 'நாங்கள் எல்லோரும் ஜெர்மன் யூதர்கள்' என்று கோஷம் போட்டார்கள்! அப்புறம் அவர் தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசி, களவாக எல்லை கடந்து, சோர்போன் பல்கலைக்கழகத்தில் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றார்.

இதற்கெல்லாம் முன்பே, அந்த வருடம் மார்ச் 22ஆம் திகதி நாந்தேர் மாணவர்கள் எந்த இடத்தைப் பிடித்தார்கள் தெரியுமா? நிர்வாகக் கோபுரத்தின் உச்சியில், பேராசிரியர்கள் கூடி முடிவெடுக்கும் அறையை. மே 10 இரவு கே-லுசாக் வீதியில் தடுப்பரண்களும் கண்ணீர்ப்புகையும், 13ஆம் திகதி பொது வேலைநிறுத்தம், பிறகு நாடே நின்றது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் நடத்திய கிரெனெல் பேச்சுவார்த்தையில் குறைந்தபட்சக் கூலி 35 சதவீதம் கூடியது. உணவகங்களில் வேலை செய்யும் நம்மவர்கள் வாங்கும் ஸ்மிக் என்ற குறைந்தபட்சக் கூலி, 1970ல் அந்தப் பழைய கூலி முறைக்குப் பதிலாக வந்ததுதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஜூன் தேர்தலில் ஜனாதிபதி டு கோலின் கட்சி பெரிய வெற்றி பெற்றது உண்மை. ஆனாலும் நவம்பரில் வந்த சட்டம், பல்கலைக்கழக ஆட்சிக் குழுக்களில் தேர்தல் மூலம் மாணவருக்கு இடம் கொடுத்தது. அதே காலத்தில் லிசேகளின் நிர்வாகக் குழுவுக்குள்ளும் மாணவர் பிரதிநிதிகள் வந்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். அப்படிக் கிடைத்த நாற்காலியில் நம் பிள்ளைகள் ஏன் உட்காருவதில்லை? 'வகுப்புப் பிரதிநிதியாக நிற்கட்டா அப்பா?' என்று மகள் கேட்டால், 'உனக்கேன் தேவையில்லாத வேலை, படிப்பைப் பார்' என்கிறோம். எத்தனை வீட்டில் இதை என் காதால் கேட்டிருக்கிறேன்! மகனுக்கு எந்தப் பிரிவு பொருத்தம், அடுத்த வகுப்பு என்ன என்று பேசும் வகுப்புக் குழுவில் மாணவர் பிரதிநிதியும் இருக்கிறார், பெற்றோர் பிரதிநிதியும் இருக்கிறார். அங்கே நம்மவர் யாருமில்லை என்றால் நம் பிள்ளைக்காக யார் வாய் திறப்பார்?

அம்மையார் மணிக்கூட்டைப் பார்க்கிறார், அவருக்கு அடுத்த கூட்டம் இருக்கிறது. 1986ல் பல்கலைக்கழகத் தெரிவுமுறையை மாற்ற வந்த அமைச்சர் தெவாக்கேயின் சட்டமூலத்தை மாணவர்கள் திரும்பப் பெறவைத்ததையும், அந்த நாட்களில் பொலிஸார் அடித்துக் கொன்ற 22 வயது மாலிக் உசெக்கினையும் விரிவாகச் சொல்ல நேரமில்லை. அவர் ஆர்ப்பாட்டத்தில் சேர்ந்தவர்கூட இல்லை. அல்ஜீரியப் போர்க்காலத்தையும் இன்னொரு மேடைக்கு விடுகிறேன்.

ஒக்டோபரில் பெற்றோர் பிரதிநிதித் தேர்தல் வருகிறது. பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை. தாய்க்கு ஒரு வாக்கு, தகப்பனுக்கு ஒரு வாக்கு. வாக்குத்தாள் பல இடங்களில் பிள்ளையின் புத்தகப் பையில் வரும், விளம்பரக் கடதாசி என்று எறிந்துவிடாதீர்கள். யார் யார் தாமே நிற்க விரும்புகிறீர்களோ, பின்னால் உள்ள மேசையில் பெயரையும் பிள்ளையின் பள்ளியையும் எழுதிக் கொடுங்கள். பிரெஞ்சு மொழி தடையாக இருந்தால் படிவம் நிரப்ப நம் இளைஞர்கள் இருவர் அங்கே இருப்பார்கள். சாப்பாடு முடியும் வரை அவர்கள் எழுந்து போகமாட்டார்கள். நன்றி, வணக்கம்.