இந்தப் பாலத்துக்கு ஏன் இன்னும் வில்லன் பெயர்? செல்மா 1965

வணக்கம் வடசென்னை மக்களே! கறுப்பின மக்களை ஒடுக்கிய கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் தலைவர்களில் ஒருவர் எட்மண்ட் பெட்டஸ். அவர் பெயரில் ஒரு பாலம். வருஷா வருஷம் மார்ச் மாதம் அதே கறுப்பின மக்கள் அந்தப் பாலத்தில் ஊர்வலம் போகிறார்கள். பெயரை ஏன் மாற்றவில்லை? சொல்கிறேன், ஸ்கிப் பண்ணிவிடாதீர்கள்.

இடம் அமெரிக்காவின் அலபாமா மாநிலம், செல்மா. கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை ஏட்டில் இருந்தது, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கத்தான் விடவில்லை. 1965 பிப்ரவரியில், ஓட்டுரிமை கேட்டுப் போராடிய ஜிம்மி லீ ஜாக்சன் போலீஸ் சுட்டு இறந்தார். நியாயம் கேட்டு, மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரிக்கு 54 மைல் நடப்போம் என்று போராட்டக்காரர்கள் கிளம்பினார்கள். பின்னணி போதும், பாலத்துக்கு வருவோம்.

மார்ச் 7, ஞாயிறு. சுமார் 600 பேர். முன்னால் 25 வயது போராட்டத் தலைவர் ஜான் லூயிஸ். முதுகுப்பையில் என்ன தெரியுமா? இரண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பிரஷ், பேஸ்ட். எப்படியும் ஜெயில்தான் என்று தயாராக வந்திருக்கிறார் மனுஷன்!

பேசின் பிரிட்ஜில் ஏறும்போது அந்தப் பக்கம் என்ன நெரிசல் என்று உச்சிக்குப் போனால்தானே தெரியும்? இதுவும் நடுவில் உயர்ந்த பாலம்தான். உச்சியில் நின்றபோதுதான் கீழே வரிசை கட்டி நின்ற போலீஸ் தெரிந்தது. பக்கத்தில் வந்த இன்னொரு தலைவர் ஹோசியா வில்லியம்ஸ் ஆற்றைப் பார்த்துவிட்டு, நீச்சல் தெரியுமா என்று கேட்டாராம். லூயிஸுக்குத் தெரியாது. சரி, கேட்டவருக்கு? அவருக்கும் தெரியாது! (நம்ம பக்கிங்காம் கால்வாய் என்றால் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை.) ஆனாலும் இறங்கினார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை. லூயிஸின் மண்டையோடு விரிசல் கண்டது. அன்றிரவு டிவியில் நாடே பார்த்தது.

அப்புறம் நீதிமன்ற அனுமதி, ராணுவப் பாதுகாப்பு, மாண்ட்கோமரியில் 25,000 பேர், ஆகஸ்ட் 6-இல் அந்த ஓட்டுரிமையைத் தடுக்க முடியாதபடி ஓட்டுரிமைச் சட்டம்.

இப்போது பெயர் விஷயம். 2015-இல் பெயரை மாற்றச் சொன்னபோது வேண்டாம் என்றவர் யார்? அதே லூயிஸ்! பெயரை மாற்றலாம், நடந்ததை மாற்ற முடியாது என்பது அவர் வாதம். 2020-இல் அவர் இறந்தபோது குதிரை வண்டியில் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் கொண்டு போனார்கள்.

எனக்கு லூயிஸ் கட்சிதான். உடனே 'அப்போ நம்ம தெருப் பலகையில் சாதிப் பெயரும் இருக்கட்டுமா ப்ரோ' என்று வருவீர்கள். அங்கே பெயரை மாற்ற வேண்டாம் என்றது அடி வாங்கியவர். இங்கே பலகையைக் கழற்றாதே என்பது யார்? கமெண்டில் சொல்லுங்கள், சண்டைக்கு நான் ரெடி.