ஊர் வைத்த பெயர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகக் கடை திறக்கவிருக்கும் இளைஞர்கள் பலர் எதிரே அமர்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கடைப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தவை எவையும் முதலாளிகள் உட்கார்ந்து யோசித்து வைத்தவை அல்ல. வாங்க வந்தவர்களின் வாயில் பிறந்தவை.

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலையில் திறக்கும் அல்வாக் கடையை அறியாதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். மங்கலான ஒற்றை விளக்கில் வியாபாரம் நடந்ததால் ஊர் அதை 'இருட்டுக்கடை' என்றது. கடைக்காரரே பெயர் தேடியிருந்தால் ஜோதி என்றோ பிரகாஷ் என்றோதான் எழுதியிருப்பார். கடையின் குறையைச் சொல்வதுபோலத் தொடங்கிய பெயர், அல்வாவின் ருசியால் புகழ்ப்பெயர் ஆகிவிட்டது. பொழுதை வைத்துக் கடையைச் சுட்டும் வழக்கமும் நமக்கு மிகப் பழையதுதான். பழைய மதுரையில் பகலில் கூடியது நாளங்காடி, இரவில் கூடியது அல்லங்காடி என்று மதுரைக்காஞ்சி பாடுகிறது. அந்த அல்லங்காடியின் பேரன் இந்த இருட்டுக்கடை என்று சொல்ல எனக்கு ஆசை.

திண்டுக்கல்லுக்கு வருவோம். 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய உணவகத்தின் பெயர் 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்'. அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். சாப்பிட வந்தவர்கள் பலகையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார்கள். தலப்பாக்கட்டி பிரியாணி பிறந்தது. ஆனந்த விலாஸ் எந்த ஊரிலும் இருக்கலாம். அந்தத் தலைப்பாகை திண்டுக்கல்லில் மட்டுமே இருந்தது. பின்னாளில் அந்தப் பெயருக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்காடும் அளவுக்கு அது பெரிய சொத்தாகிவிட்டது.

இவற்றையெல்லாம் மிஞ்சிய பெயர் ஒன்று உண்டு. அதற்கு உரிமையாளரே கிடையாது. 'கையேந்தி பவன்'! அந்தத் தள்ளுவண்டியின் அருகே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தட்டின் மேல் வாழையிலைத் துண்டு, அதில் இரண்டு இட்லி, விளிம்பு வரை சாம்பார். இடது உள்ளங்கையில் தட்டைத் தாங்கி, சூடு பொறுக்காமல் விரல்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, சட்டையில் சிந்தாதபடி சற்றே முன்னால் குனிந்து சாப்பிடுகிறார் ஒருவர். மேசை இல்லை, நாற்காலி இல்லை, கூரையும் இல்லை. அதற்குப் போய் பெரிய ஓட்டல்களின் 'பவன்' பட்டத்தைச் சூட்டியிருக்கிறார்கள். கையேந்துவது என்றால் யாசிப்பதும்தானே? அந்த வலியையும் சேர்த்துச் சிரிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவரைக் கவிஞர் என்று அழைக்க எனக்குத் தயக்கமே இல்லை.

முதலாளிகள் வைத்த பெயர்கள் எல்லாமே சோடை என்று சொல்லவில்லை. மதுரை மாவட்டம் வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பியவர்கள் ஊர் ஊராகத் தங்கள் சாமியின் பெயரிலேயே முனியாண்டி விலாஸ் திறந்தார்கள். ஆண்டுதோறும் அந்தச் சாமியின் கோயிலில் கூடிப் பிரியாணி சமைத்து, அதையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கிராமமே நிற்கிறது.

எனக்கு வருத்தம் தருவது வேறு. எண் கணிதம் பார்த்து ஆங்கில எழுத்தில் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைக்கிறீர்கள். வெளிநாட்டுக் கடையின் பெயரை அப்படியே எடுத்து மாட்டுகிறீர்கள். அந்தப் பலகையைக் கழற்றிப் பக்கத்துத் தெருக் கடையில் தொங்கவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

உரிமத்துக்கு ஏதாவது ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். பெரிய பலகைக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். கொஞ்ச நாள் கடை நடக்கட்டும். ஒரு வீட்டுப் பாட்டி பேரனை உங்கள் கடைக்கு அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்புகிறார் என்று அந்தப் பையனிடமே கேளுங்கள். 'வேப்பமரத்துக் கடை' என்கிறாரா, 'சிரிக்கிற அண்ணன் கடை' என்கிறாரா? எதுவாக இருந்தாலும், பலகை எழுதுபவரிடம் அதையே கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.