நாற்காலி காலி, நம்பர் மட்டும் வரல

வணக்கம் மக்களே. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து கோப்பி கலக்கிட்டு உக்காந்திருக்கேன். கண்ணு வீங்கியிருக்கு, கண்டுக்காதீங்க.

நேத்து இங்க சிங்கப்பூர் எம்.ஆர்.டி ரயில்ல பக்கத்து சீட்டு ஆன்டி போன்ல யார்கிட்டயோ பொரிஞ்சு தள்ளிட்டிருந்தாங்க. கொவிட் நேரத்துல ஸ்கேனுக்குப் போனாங்களாம். ரெண்டு மணி நேரம் உக்கார வச்சாங்களாம், உள்ள ஈ காக்கா இல்லையாம். நான் ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுக்குற ரேடியோகிராஃபர்னு மூச்சு விடாம அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிட்டேன். அதான் இங்க வந்து சொல்றேன்.

2020 பிப்ரவரி 7, டோர்ஸ்கான் ஆரஞ்சு, அதாவது நோய்ப் பரவல் எச்சரிக்கையை ஏத்துன நாள். கடையில அரிசியும் டிஷ்யூவும் காலியானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் வர்றது டேப்பு. மார்ச் கடைசில நாங்களே உக்காந்து ஒன்னு விட்டு ஒரு நாற்காலிக்கு எக்ஸ் ஒட்டினோம். பத்து சீட்டு அஞ்சாச்சு. கூட வந்தவங்களை வெளியிலயே நிறுத்திட்டோம். அப்ப அந்த இடம் காலியாத்தானே தெரியும்?

நெஞ்சு சிடி ஸ்கேன் எடுக்க மூச்சு அடக்குற நேரம் சில செகண்டுதான். ஏத்தி, எடுத்து, இறக்க பத்து நிமிஷம்னு வைங்க. அப்ப கொவிட் சந்தேகம்னா அதுக்கு அப்புறந்தான் கதையே. படுக்கை, அது உள்ள போற மெஷின் வளையம், கையில கொடுத்த பஸ்ஸர், கதவுப் பிடி எல்லாத்தையும் துடைக்கணும். நாங்க போட்ட பாதுகாப்பு கவுனை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி சுருட்டிக் கழட்டணும். அப்புறம் காத்து. மணிக்கு 6 தடவை காத்து மாறுற ரூம்னா, காத்துல மிதக்கிற கிருமியில 99 சதவீதம் போக 46 நிமிஷம் ஆகும். 12 தடவைன்னா 23 நிமிஷம். அதுவரைக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிப்பேன். எட்டிப் பாக்குறவங்களுக்கு, சும்மா நிக்கிறாளேன்னுதான் தோணும். தப்பே இல்ல.

அந்த வருஷம் டெங்கி வேற, 35,000 பேருக்கு மேல. காய்ச்சல்னு வர்றவருக்குக் கடிச்சது கொசுவா, ஒட்டினது கொவிடான்னு நெத்தியிலயா எழுதியிருக்கு? ரிசல்ட் வர்ற வரைக்கும் எல்லாரும் கொவிட் சந்தேக வரிசைதான்.

ஏப்ரல்ல வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில இருந்து நம்ம ஊர் தம்பிங்க வர ஆரம்பிச்சாங்க. மெஷின்ல பதிவு பண்ணி வச்ச குரல் இங்கிலீஷ்ல சொல்லும், தம்பி முழிப்பாரு. நான் மைக்கை அமுக்கி, "மூச்ச நல்லா இழுங்க தம்பி... அப்படியே புடிங்க... ம், விடுங்க"ன்னுவேன். யாருடா இதுன்னு அந்த வளையத்துக்குள்ள இருந்தே தலையைத் தூக்குவாங்க. அசைஞ்சுட்டாங்கன்னா மறுபடி எடுக்கணும், சிரிப்பும் வரும் கடுப்பும் வரும்.

இப்ப அந்த ஆன்டிகிட்ட சொல்லாம விட்டது. நாற்காலில காத்திருந்தது ஒரு காத்திருப்பு. வீட்டுல தேதிக்காகக் காத்திருந்தது இன்னொன்னு. சர்க்கிட் பிரேக்கர், அதான் நம்ம ஊரடங்கு, ஏப்ரல் 7-ல இருந்து ஜூன் 1 வரைக்கும். அவசரமில்லாத ஸ்கேனை எல்லாம் தள்ளி வச்சோம். நம்பர் எடுத்ததுல இருந்து கூப்பிடுற வரைக்கும் எத்தனை நிமிஷம்னு எங்க கம்ப்யூட்டர் காட்டும். வீட்டுல உக்காந்திருக்கிற நாளை அது எண்ணாது. சில நாள் நிமிஷம் கம்மியா காட்டி அந்த ஸ்கிரீன் அவ்வளவு அழகா இருந்துச்சு! எனக்கு அதைப் பாத்தாலே எரியும். ஏன்னா எங்கம்மா தோள்பட்டை எம்.ஆர்.ஐ ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. "நீதானே அங்க வேலை பாக்குற?"ன்னு கேட்டுட்டே இடது கையால தோசை திருப்புவாங்க. என்ன பதில் சொல்ல?

ஜூன்ல திறந்தப்ப மொத்தமும் ஒரே நேரத்துல வந்து விழுந்துச்சு. அல்ட்ராசவுண்ட் பக்கம் ஒரு அங்கிள். மூத்திரப்பை ஸ்கேன், தண்ணி குடிச்சு அடக்கிக்கிட்டு இருக்கணும். அவரு சொன்னபடி ஒரு மணி நேரம் முன்னாடியே குடிச்சுட்டாரு. உள்ள வேற ஒரு அவசர கேஸ். காலைப் பின்னிக்கிட்டு, எக்ஸ் போட்ட நாற்காலியைக் கையால இறுக்கிப் புடிச்சு, "ஏம்மா, ஆளே இல்லையே, கூப்பிடேன்மா"ங்கிறாரு. காத்து, நிமிஷம், சுத்தம்னு நான் விளக்க ஆரம்பிச்சேன். பாதியிலயே எழுந்து டாய்லெட்டுக்கு ஓடிட்டாரு. முதல்ல இருந்து தண்ணி, முதல்ல இருந்து காத்திருப்பு.

அடுத்த வருஷம் அதே அங்கிள் திரும்ப வந்தாரு. மடியில பெரிய தண்ணி பாட்டில், சீல் கூட உடைக்கல. என்னைப் பாத்ததும் அதைத் தூக்கிக் காட்டி, "நீ முதல்ல மணியைச் சொல்லு, அப்புறம் குடிக்கிறேன்"னாரு.