கூட்டம் சேர்த்த ஏகாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பாட்டு எழுதுகிறவன் நான். ஒரு பாட்டின் பல்லவியை 'விட்டுப் போன வெளிச்சம்' என்று முடித்திருந்தேன். மேடையில் பாடியபோது கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஆனால் அவர்கள் பாடியது 'வெளிச்சமே'. முதல் நாள் எரிச்சல்தான் வந்தது. அடுத்தடுத்த நிகழ்ச்சிகளிலும் அதே 'மே'. முன்பின் அறியாதவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்வார்களா?

வீட்டில் உட்கார்ந்து பாடிப் பார்த்தேன். அந்த இடத்தில் மெட்டு நான்கு அட்சரம், அதாவது நான்கு தாள எண்ணிக்கை, நீள்கிறது. 'ம்' என்று வாயை மூடிக்கொண்டு ஒரு கூட்டம் அதை எப்படி இழுக்கும்? மெட்டு நெடில் கேட்டிருக்கிறது; நான் கொடுக்கவில்லை, அவர்கள் கொடுத்தார்கள். அதோடு, வெளிச்சத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்த பாட்டு, அந்த ஒற்றை ஏகாரத்தால் வெளிச்சத்தையே கூப்பிடும் பாட்டாகிவிட்டது. இலக்கணத்தில் விளி என்பார்களே, அதுதான். விளித்தபின் சரணத்தில் 'அது' என்று எழுத முடியுமா? எல்லாவற்றையும் 'நீ' என்று திருத்தினேன். இரண்டு இரவு பிடித்தது.

கேட்பவர்களையே பாட்டில் பங்காளியாக்கியவர்கள் எனக்கு முன்பும் உண்டு. 1977-ல் பிரிட்டனின் க்வீன் ராக் இசைக்குழு மேடையை விட்டு இறங்கிய பிறகும் கூட்டம் கலையாமல் தானே பாடத் தொடங்கியது. நெருக்கியடித்து நிற்பவர்களால் என்னதான் செய்ய முடியும் என்று யோசித்தார் கிதார் கலைஞர் பிரையன் மே. காலால் இரண்டு மிதி, கையால் ஒரு தட்டு. 'வீ வில் ராக் யூ' என்ற பாட்டு அப்படிப் பிறந்தது. அமெரிக்கப் பாடகர் பெக் இன்னும் துணிந்தவர்: 2012-ல் 20 பாடல்களை ஒலிப்பதிவே இல்லாமல் இசைக்குறிப்புகளாக அச்சிட்டு வெளியிட்டார். யாராவது எடுத்து வாசித்தால்தான் பாட்டு!

'வரிகளை எழுதி அனுப்புங்கள்' என்று நேயர்களைக் கேட்பதில் மட்டும் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. நானும் ஒருமுறை கேட்டேன். வந்தவற்றில் பெரும்பாலானவை என் பழைய வரிகளின் சாயல். என்னை மகிழ்விக்க எழுதியவை. கூட்டத்தோடு கூட்டமாகப் பாடும்போது யாருக்கும் அந்தக் கவலை இல்லை.

இப்போதெல்லாம் முடிக்காத பாட்டோடுதான் மேடையேறுகிறேன். எந்தச் சொல்லில் குரல்கள் தேய்கின்றன என்று கவனிப்பேன். பார்த்தால், நான் கெட்டிக்காரத்தனம் காட்டிய இடமாகவே அது இருக்கும்.

அந்தப் பழைய ஒலிப்பதிவில் இன்னும் 'வெளிச்சம்' என்றே இருக்கிறது. மேடையில் 'வெளிச்ச' வரை பாடிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். 'மே' அவர்களுடையது.