இரண்டு குப்பிகளும் ஒரு பதிவேடும்: மது ஆய்வு மையம் எப்படி நடக்கிறது?

வணக்கம்.

[காட்சி: எலிக் கூண்டு. கம்பிகளுக்கிடையே இரண்டு குப்பிகள் தொங்குகின்றன.]

இந்தக் கூண்டில் ஒரு எலி இருக்கிறது. ஒரு குப்பியில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆல்கஹால் கலந்த தண்ணீர். தீனிக்கும் குறைவில்லை. பசிக்கோ தாகத்துக்கோ இந்த எலி மதுவைத் தொட வேண்டிய அவசியமே கிடையாது. ஆனாலும் அது மதுக் குப்பியைத்தான் தேடிப் போகும். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராமுக்கு மேல் ஆல்கஹாலை ஒரே நாளில் குடித்துவிடும்.

பக்கத்துக் கூண்டில் இன்னொரு எலி. அதே தீனி, அதே குப்பிகள். இது கிலோவுக்கு 1 கிராம்கூடக் குடிக்காது.

முதலாவதன் பெயர் பி எலி, இரண்டாவது என்பி எலி. ‘பி’ என்றால் மதுவை விரும்புவது, ‘என்பி’ என்றால் விரும்பாதது. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டி.கே. லீ, லாரன்ஸ் லுமெங் இருவரும் 1970களில் இந்த வேலையைத் தொடங்கினார்கள். ஆய்வகங்களில் வளர்க்கிற விஸ்டார் வகை எலிகளில் அதிகம் குடிப்பதை அதிகம் குடிப்பதோடும், தொடாததைத் தொடாததோடும் இணை சேர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக இதையே செய்து இரண்டு வம்சங்களைப் பிரித்தெடுத்தார்கள். குடியில் பிறப்போடு வருகிற பங்கு ஒன்று உண்டு என்பதை இந்த இரண்டு கூண்டுகளும் கண்முன்னே காட்டுகின்றன. குடிக்கிறவரைத் திட்டி ஒதுக்குவதோடு நிறுத்திக்கொள்கிற யாருக்கும் இதைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சரி, இந்த எலிகளை யார் வளர்க்கிறார்கள்? இன்றைய விஷயமே அதுதான்.

[காட்சி: இண்டியானாபொலிஸ் நகரம்.]

1987இல் இங்கே இண்டியானா மது ஆய்வு மையம் உருவானது. மது ஆராய்ச்சிக்கென்று அமெரிக்க அரசு 1970இல் அமைத்த தேசிய நிறுவனம் இதற்குப் பணம் தந்து வந்திருக்கிறது. மையம் என்றால் பல ஆய்வுத் திட்டங்கள் சேர்ந்தது. ஒருவர் மூளையைப் பார்ப்பார், ஒருவர் மரபணுவை, இன்னொருவர் மனிதர்களின் குடிப்பழக்கத்தை. இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக வேலை செய்கிற பிரிவுகளும் உண்டு. அங்கே அதைக் ‘கோர்’ என்கிறார்கள். நாம் பொதுப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். எலிகளை வளர்ப்பதும் அப்படி ஒரு பிரிவுதான்.

பொதுப் பிரிவு இல்லையென்றால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் தனித்தனியாக எலி வளர்ப்பார்கள், தங்களுக்குத் தெரிந்த மாதிரி அளப்பார்கள். அப்புறம் ஒருவர் கண்டதை இன்னொருவர் கண்டதோடு ஒப்பிடவே முடியாது.

அளப்பது என்றால் என்னவென்று கிட்டப் போய்ப் பார்ப்போம்.

[காட்சி: தராசில் ஒரு குப்பி.]

தினமும் குப்பியை எடுத்து எடை போடுகிறார்கள். நேற்றைய எடைக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் எலி குடித்தது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் குப்பி சொட்டும், ஆவியாகும். அதனால் எலியே இல்லாத கூண்டில் ஒரு குப்பியைத் தொங்கவிட்டு, அதில் குறைந்ததைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். இன்னொன்று, சில எலிகளுக்கு இடது பக்கம்தான் பிடிக்கும். குப்பியில் எது இருந்தாலும் அந்தப் பக்கமே போகும். அதனால் குப்பிகளை அடிக்கடி இடம் மாற்றி வைக்க வேண்டும். ஒரு நாள் மாற்ற மறந்தால், மதுவை விரும்புகிறதா இடது பக்கத்தை விரும்புகிறதா என்றே சொல்ல முடியாது. இந்த ஒழுங்கு கையில் ஊறிய ஊழியர்கள்தான் மையத்தின் சொத்து. எலிகளும் அந்த மையத்துக்கு மட்டும் அல்ல, மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் போயிருக்கின்றன.

மனிதர்களிடம் இது இன்னும் கடினம். எடைக்குத் தகுந்தபடி அளந்து கொடுத்தாலும், ஒருவர் ரத்தத்தில் ஏறுகிற ஆல்கஹால் இன்னொருவருக்கு ஏறுவதைவிட இரண்டு மூன்று மடங்குகூட இருக்கலாம். வயிறும் கல்லீரலும் ஆளுக்கு ஆள் வேறு. இதற்கு இண்டியானாவில் ஷான் ஓ’கானர் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். ஆல்கஹாலை ரத்தக் குழாய் வழியாக டிரிப்பில் ஏற்றுகிறார்கள். அவ்வப்போது மூச்சை ஊதச் சொல்லி அளக்கிறார்கள். அதைப் பார்த்துக் கணினி வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்கிறது. எல்லோர் ரத்தத்திலும் ஒரே அளவு, மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். அப்போதுதான் தெரியும், அதே அளவில் ஒருவர் ஏன் தள்ளாடுகிறார், இன்னொருவர் ஏன் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று. மருத்துவர், நர்ஸ், கணினி நிரல் எல்லாம் வேண்டும். தனி ஆய்வாளர் ஒருவர் இதைச் சொந்தமாக அமைப்பது நடக்கிற காரியமா?

[காட்சி: பூட்டிய அலமாரி, பக்கத்தில் ஒரு பதிவேடு.]

இனி அலுவலகம். அமெரிக்க ஆய்வகங்கள் அனுமதி பெற்று வரி இல்லாத ஆல்கஹால் வாங்கலாம். ஆனால் பூட்டி வைக்க வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று எழுதி வைக்க வேண்டும், இருப்பையும் சரிபார்க்க வேண்டும். விலங்குகளைப் பயன்படுத்த ஒரு குழுவின் ஒப்புதல், மனிதர்களுக்கு இன்னொரு குழுவின் ஒப்புதல். இந்தக் காகிதங்கள் நகர்ந்தால்தான் ஆய்வு நகரும். நிர்வாகப் பிரிவின் வேலை இதோடு முடிவதில்லை. திட்டங்களின் போக்கைப் பார்த்துக் குறை சொல்ல வெளியிலிருந்து ஆலோசகர்களை அழைக்கும். இளம் ஆய்வாளர் ஒருவர் புதுசாக ஒரு யோசனையோடு வந்தால், சின்னத் தொகை கொடுத்து முயன்று பார்க்கச் சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். இன்னும் எதையும் நிரூபிக்காதவரை நம்பிக் கொடுக்கிற பணம் அது.

ஒரு கவலையும் உண்டு. மையத்துக்குக் கிடைக்கிற மானியம் பொதுவாக ஐந்தாண்டுக்குத்தான். அப்புறம் போட்டியிட்டுப் புதுப்பிக்க வேண்டும். கருவி என்றால் துணி போட்டு மூடி வைத்துக் காத்திருக்கலாம். எலி வம்சம் காத்திருக்காது. இணை சேர்ப்பது ஒரு வருடம் நின்றாலே குட்டி போடும் வயது கடந்துவிடும். 1970களிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகக் கூட்டி வந்தது அத்தோடு அறுந்துவிடும். அதனால்தான் விண்ணப்பம் எழுதுகிற மாதங்களிலும் யாராவது ஒருவர் தினமும் அந்த அறைக்குப் போய்க் குப்பிகளை எடை போட்டுக்கொண்டிருக்கிறார்.