எட்டுப் பொருளில் ஒரு கிட்டார் பெடல்

நேயர்களுக்கு வணக்கம்.

கிட்டார் பெடல் செய்வதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். வானொலியில் படம் காட்ட வழியில்லை. அதனால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்யூட்டை வாயாலேயே சொல்லப் போகிறேன். மொத்தமே எட்டுப் பொருள்தான், பயப்பட வேண்டாம்.

பெடல் என்றால் என்ன என்று கேட்கும் தாத்தா பாட்டிகளுக்கு முதலில் இரண்டு வார்த்தை. கல்யாண மண்டபத்திலோ கோயில் திருவிழா மேடையிலோ எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் பையனின் காலடியில் சின்னச் சின்னப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு நடுவில் அவன் ஒன்றை மிதிப்பான். அதுவரை சாதுவாக இருந்த கிட்டார் உறும ஆரம்பிக்கும். அந்தப் பெட்டிதான் பெடல். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் இருந்துகொண்டு, வருகிற ஒலியை மாற்றி அனுப்புகிறது.

இந்த உறுமலுக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு பாட்டுப் பதிவு. மிக்சர் கன்சோலில் ஒரு சேனல் கெட்டுப்போய், பேஸ் கிட்டாரின் ஒலி கரகரவென்று வந்தது. அதை அழிக்காமல் பாட்டிலேயே விட்டுவைத்தார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே கரகரப்பை நினைத்தபோது வரவழைக்க ஒரு டிரான்சிஸ்டர் சர்க்யூட்டை உருவாக்கினார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்று கடைக்கு வந்தது. முதலில் அவ்வளவாக விற்கவில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு பாட்டில் அதை மிதித்தார், அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சரக்கு இல்லை.

இப்போது நம் ஊருக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வருவோம். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "அங்கிள், டியூப் ஸ்க்ரீமர் மாதிரி ஒன்று நானே செய்யணும்" என்பார்கள். அது பேர்பெற்ற பெடல், ஆசை நியாயமானது. ஆனால் முதல் பெடலாக அதைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அதில் ஐசி என்கிற சில்லு இருக்கிறது, டோன் கன்ட்ரோல் இருக்கிறது, சில்லறைப் பொருள்கள் ஏராளம். எல்லாவற்றையும் ஈயம் வைத்து முடித்து, ஆம்ப்ளிஃபையரைப் போட்டால் சத்தமே வராது. எங்கே தேடுவது? தெரியாது. பெட்டி அலமாரிக்குப் போகும், ஆசையும் கூடவே போகும். முதல் பெடல் எப்படி ஒலிக்கிறது என்பதைவிட, அது ஒலிக்காதபோது ஏன் என்று நீங்களே கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான் முக்கியம். அதற்கு ஒரே ஒரு டிரான்சிஸ்டர் உள்ள பூஸ்டர், அதாவது ஒலியைப் பெரிதாக்க மட்டும் செய்யும் பெடல், போதும்.

1960களின் கடைசியில் நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் எல்பிபி-1 என்ற சின்ன பூஸ்டர் பெட்டியை விற்றது. நான் சொல்லப் போவது அதன் வழியில் வந்தது. இரண்டு மதிப்புகளை மட்டும் கடையில் எளிதாகக் கிடைக்கிறபடி மாற்றியிருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். தாளின் மேலே குறுக்காக ஒரு கோடு. அது 9 வோல்ட் பிளஸ். அடியில் இன்னொரு கோடு. அது கிரவுண்டு, அதாவது பேட்டரியின் மைனஸ். நடுவில் ஒரு வட்டம் போடுங்கள், அதுதான் டிரான்சிஸ்டர். அதற்கு மூன்று கால்: இடது பக்கம் பேஸ், மேலே கலெக்டர், கீழே எமிட்டர்.

மேல் கோட்டிலிருந்து பேஸுக்கு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர். பேஸிலிருந்து கீழ்க் கோட்டுக்கு 47 கிலோ ஓம். மேல் கோட்டிலிருந்து கலெக்டருக்கு 10 கிலோ ஓம். எமிட்டரிலிருந்து கீழ்க் கோட்டுக்கு 390 ஓம். கவனியுங்கள், இது வெறும் ஓம், கிலோ இல்லை. ரெசிஸ்டரின் உடம்பில் உள்ள நிறக்கோடுகளைப் பார்த்து எடுப்பவர்களுக்கு: 10 கிலோ என்றால் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. 390 என்றால் ஆரஞ்சு, வெள்ளை, பழுப்பு.

அடுத்து இரண்டு கபாசிட்டர், இரண்டுமே 100 நானோ ஃபாரட். ஒன்று, கிட்டார் வயர் வந்து செருகும் ஜாக்கின் நுனித் தொடர்பிலிருந்து பேஸுக்கு. மற்றது, கலெக்டரிலிருந்து வால்யூம் பாட்டின், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழின், ஒரு ஓரக் காலுக்கு. பாட் 100 கிலோ ஓம். அதன் மறு ஓரக் கால் கிரவுண்டுக்கு. நடுக்கால் அவுட்புட் ஜாக்கின் நுனிக்கு. இரண்டு ஜாக்கின் உடம்பும் கிரவுண்டுக்கு. அவ்வளவுதான் சர்க்யூட்.

இது என்ன செய்கிறது? 470ம் 47ம் சேர்ந்து 9 வோல்ட்டைப் பங்கு போட்டு, பேஸில் முக்கால் வோல்ட்டை ஒட்டி நிறுத்துகின்றன. அந்த அளவில் டிரான்சிஸ்டர் பாதி விழித்த நிலையில் இருக்கும். கிட்டாரிலிருந்து வரும் சின்ன அலை பேஸைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால், கலெக்டரில் அதே அலை பெரிதாக ஆடுகிறது. எவ்வளவு பெரிதாக? 10,000ஐ 390ஆல் வகுத்தால் காகிதக் கணக்கு 25 மடங்கு. நடைமுறையில் 20 மடங்கு பக்கம் வரும். கிட்டாரில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்கு அது தாராளம்.

வாங்கி வந்ததும் சால்டரிங் அயர்னைச் சூடாக்காதீர்கள். முதலில் பிரெட்போர்டில், அதாவது ஈயம் வைக்காமல் செருகிப் பார்க்கும் துளைப் பலகையில், செருகிப் பாருங்கள். தப்பாகச் செருகினால் பிடுங்கி மாற்றிச் செருகலாம், ஒன்றும் கெடாது. பேட்டரியை மாட்டி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையைக் கலெக்டரிலும் வையுங்கள். 4லிருந்து 6 வோல்ட்டுக்குள் காட்டினால் டிரான்சிஸ்டர் வேலை செய்கிறது. முழு 9 வோல்ட் காட்டினால் அது தூங்குகிறது. பேஸுக்குப் போகும் ரெசிஸ்டர் தவறு, இல்லையென்றால் கால்கள் மாறியிருக்கின்றன. பூஜ்யத்துக்குப் பக்கம் காட்டினால் 10 கிலோ எங்கேயோ விட்டுப்போயிருக்கும், அல்லது டிரான்சிஸ்டர் அளவுக்கு மீறித் திறந்திருக்கும்.

கால்கள் மாறுவது என்றேன் இல்லையா, அதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். அமெரிக்க வீடியோக்களில் 2என்3904 என்ற டிரான்சிஸ்டரைக் காட்டுவார்கள். தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். இங்கே கடையில் அதற்குப் பதிலாக பிசி547 கொடுப்பார்கள். அதுவும் நல்ல டிரான்சிஸ்டர்தான், இந்த சர்க்யூட்டுக்குப் பொருந்தும். ஆனால் வரிசை தலைகீழ்: கலெக்டர், பேஸ், எமிட்டர். உருவத்தில் இரண்டும் ஒன்று. மேலே பொடி எழுத்தில் இருக்கிற எண்ணைப் படித்துவிட்டுத்தான் செருக வேண்டும். கண் சரியில்லாத என் வயதுக்காரர்கள் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

வோல்ட் எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை என்றால்? ஒரு பழைய கிட்டார் வயரை எடுத்து ஒரு முனையை வெட்டுங்கள். உள்கம்பியில் ஒரு 100 நானோ கபாசிட்டரைச் சேர்த்து, வெளிவலையைப் பெடலின் கிரவுண்டில் பிடியுங்கள். மறு முனை ஆம்ப்ளிஃபையரில், வால்யூம் தாழ்வாக. இப்போது யாராவது கிட்டாரை மீட்டிக்கொண்டிருக்க, கபாசிட்டரின் காலால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டு வாருங்கள். இன்புட் ஜாக்கில் சத்தம் இருக்கிறதா? பேஸில்? கலெக்டரில் பெரிதாகக் கேட்கிறதா? எந்த இடத்தைத் தாண்டியதும் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. எத்தனை பெரிய பெடலானாலும் வழி இதுதான்.

ஒலித்துவிட்டது என்றால் உடனே பெட்டிக்குள் அடைக்காதீர்கள். விளையாட வேண்டிய நேரம் இதுதான். இன்புட் கபாசிட்டரை 100லிருந்து 10 நானோவுக்கு மாற்றுங்கள். கீழ்ச்சுரங்கள் மெலிந்து, மேல்சுரங்கள் மட்டும் பளிச்சென்று முன்னால் வரும். 1960களில் லண்டனில் டல்லாஸ் நிறுவனம் விற்ற ரேஞ்ச்மாஸ்டர் என்கிற டிரெபிள் பூஸ்டரின் சூத்திரமே சின்ன இன்புட் கபாசிட்டர்தான்.

அடுத்தது டயோடு, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பொருள். 1என்4148 இரண்டு வாங்கி, ஒன்றின் கோடு மேலே, மற்றதன் கோடு கீழே இருக்கும்படி எதிரெதிராகச் சேர்த்து, வால்யூம் பாட்டில் கபாசிட்டர் வந்து சேரும் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போடுங்கள். படியில் அரிசி அளக்கும்போது குவிந்து நிற்பதைக் கையால் வழித்துத் தலைதட்டுவோமே, அப்படி இந்த டயோடுகள் அலையின் உச்சியை மேலும் கீழும் 0.6 வோல்ட்டில் வழித்துவிடும். அந்தத் தட்டையான உச்சிதான் நாம் கேட்கும் டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பு. டயோடுக்குப் பதில் இரண்டு சிவப்பு எல்ஈடி போட்டால் சுமார் 1.7 வோல்ட் வரை விட்டுப் பிடிக்கும். சத்தம் கூடும், கரகரப்பு தளரும். எனக்குப் பிடித்தது எல்ஈடி. சிவராத்திரி பஜனையில் கிட்டார் வாசிக்கிற தம்பிமார்களுக்கு டயோடே வேண்டாம், வெறும் பூஸ்ட் போதும், பாடுகிறவர்கள் குரல் கேட்கட்டும்.

ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரைத் தேடி அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஃபஸ் பெடல்களில் அது இருந்தது, இனிமையாகவும் ஒலிக்கும். ஆனால் சூடு ஏற ஏற அதில் மின்கசிவு கூடிக்கொண்டே போகும். லண்டன் குளிரில் சரிசெய்து வைத்த பெடல், டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் வேறு குரலில் பேசும். விலையும் அதிகம், பொருத்தமானதைப் பொறுக்கி எடுக்கவும் தெரிய வேண்டும். முதல் பெடலுக்கு, நாம் போட்ட பிசி547 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டரே நல்லது.

இந்தக் கடலோரக் காற்று இன்னொரு வேலையும் செய்யும். பொருள்களை ஈயம் வைத்துப் பொருத்தும் பலகையான வீரோபோர்டின் செம்புப் பட்டைகள் சீக்கிரம் கறுத்துவிடும், ஈயம் ஒட்டாமல் உருண்டை உருண்டையாக நிற்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் பட்டையைப் பளபளவென்று தேய்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அயர்ன் 350 டிகிரி பக்கம் இருக்கட்டும். காலையும் பட்டையையும் ஒன்றாகச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயத்தைத் தொடவையுங்கள். அயர்னின் நுனியில் ஈயத்தை அள்ளிக்கொண்டு போய்ப் பூசுவது வேலைக்கு ஆகாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், முடிந்ததும் கை கழுவுங்கள், கழுவாமல் முறுக்கு எடுத்துத் தின்னக் கூடாது.

ஹம் சத்தம். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மட்டமான அடாப்டரிலிருந்து வரும் ஹம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஆறாவது தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை மீட்டினால் 98 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே சுதி. இரண்டும் ஒத்துப்போனால் அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரியில் போட்டுப் பாருங்கள். அப்போது நின்றுவிட்டால் குற்றவாளி பிடிபட்டான். அதைவிடத் தாழ்ந்த உறுமல், தந்தியைக் கையால் தொட்டதும் குறைகிறது என்றால், கிரவுண்டு வயர் ஏதோ விட்டிருக்கிறது, அல்லது பலகை இன்னும் உலோகப் பெட்டிக்குள் போகவில்லை. ஹம் போகட்டும் என்று ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் இணைப்பைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து. அதே போல வால்வு ஆம்ப்ளிஃபையரைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும். 9 வோல்ட்டில் விளையாடுங்கள், அது கடிக்காது. லோட் ஷெடிங் இரவுகளில் பேட்டரி ஆம்ப் வைத்துக்கொண்டு வாசித்தவர்களுக்கு அந்தச் சின்னப் பேட்டரியின் அருமை தெரியும்.

கடைசியில் பெட்டி. சத்தத்தை உண்டாக்கும் பொருள்கள் எல்லாம் சில ரேண்டுகள்தான். காசைத் தின்பது அலுமினியப் பெட்டியும் ஒன்பது கால் மிதிசுவிட்ச்சும். முதல் பெடலுக்குச் சுவிட்ச்சே இல்லாமல், எப்போதும் ஓடும்படி ஒரு தகர டப்பாவில் அடைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, டப்பாவைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் சரி. அடாப்டர் ஜாக் வைப்பதானால், பெடல்களுக்கான அடாப்டரில் நடுமுனை மைனஸ், வெளிப்புறம் பிளஸ். வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்கள் பல இதற்கு நேரெதிர், அதனால் மேலே அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்க்காமல் செருகக் கூடாது.

இன்புட்டுக்கு ஸ்டீரியோ ஜாக் வாங்குங்கள். பேட்டரியின் மைனஸை அதன் நடு வளையத் தொடர்பில் இணைத்தால், கிட்டார் வயரைச் செருகும்போது பேட்டரி தானாக இணையும், உருவினால் அணையும். தனிச் சுவிட்ச் தேவையில்லை. விளக்கு எரிய வேண்டும் என்று எல்ஈடி வைக்கிறீர்களா? 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு வைத்தால் அது ஒன்றரை மில்லி ஆம்பியர் குடிக்கும். சர்க்யூட் மொத்தமும் குடிப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விளக்கில்லாமல் செய்தால் ஒரு பேட்டரி பல வாரம் தாங்கும், வாசித்து முடித்ததும் இன்புட் வயரை உருவி வைக்கிற பழக்கம் இருந்தால்.

கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் அழைத்த வானொலி நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.